கரடியைத் தடவிக்கொடுத்த மறுநாள் காலை

இல்யானா என்ற பெண்ணிடமிருந்து தொடங்குகிறேன். பதின்வயதைக் கடக்கும் தறுவாயில் இருப்பவள். பேச்சு முழுக்க முள். புதிதாக வந்து சேர்ந்தவளை வரவேற்கும்போதே அவமானப்படுத்துகிறாள். அப்படிப்பட்டவள் கையில் ஊதா நிற டிராகன் பொம்மை ஒன்றை மாட்டிக்கொண்டு திரிகிறாள். உள்ளே விரல்களை விட்டு வாயசைக்க வைக்கும் துணிப்பொம்மை. லாக்ஹீட் என்று அதற்குப் பெயர். அதனோடு பேசுகிறாள். தனியாக இருக்கும்போதும் அதை விடுவதில்லை.

சிறுவயதில் அவளை அடைத்துவைத்து வதைத்த ஆண்கள் இருந்தார்கள் என்று பின்னால் தெரியவருகிறது. அந்தக் கணத்தில் பொம்மைக்கு அர்த்தம் வந்துவிடுகிறது. அத்தனை வருடங்களாக அவளுக்கு வேறு துணை இல்லை. இதை ஒரு பாத்திரம் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை. துணியும் நூலும் சொல்லிவிடுகின்றன.

இது 2020இல் வெளியான 'தி நியூ மியூட்டன்ட்ஸ்' என்ற ஹாலிவுட் படத்தில் வருகிறது. இல்யானாவாக நடித்தவர் அன்யா டெய்லர்-ஜாய். இவ்வளவு நுட்பமாக ஒன்றை யோசிக்கத் தெரிந்த படம் முடியும்போது நம்மிடம் ஏன் எதுவுமே தங்குவதில்லை? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு, பதின்வயது சூப்பர் ஹீரோ கதை என்றால் என்ன, எதனால் அது நிறைவடைகிறது, எதனால் பாதியில் நின்றுவிடுகிறது என்று விளக்கிப் பார்க்கிறேன். இந்த வகைப் படங்களோடு பழக்கமில்லாதவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். கதையின் முடிவைச் சொல்லாமல் இதை விளக்க வழியில்லை; படத்தை இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

மோசமான படம் வேறு, எட்டியிருக்க வேண்டிய இடத்தை எட்டாமல் போன படம் வேறு. நாம் இரண்டையும் ஒரே சொல்லால் தள்ளிவிடுகிறோம். மோசமான படத்துக்குச் சொல்ல எதுவும் இருக்காது. எழுந்து போய்விடுவோம், மனதில் ஒன்றும் உறுத்தாது. இரண்டாவது வகை உறுத்தும், ஏனென்றால் அதன் கதைக்கரு நமக்கு ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறது. கதைக்கரு என்றால் கதைச்சுருக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். நான் அதை ஒரு கேள்வியாகப் பார்க்கிறேன்: இப்படிப்பட்ட ஆளை இப்படிப்பட்ட இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன ஆகும்? கேள்வி கூர்மையாக இருந்தால் பதிலுக்காக மனம் தவிக்கும். தவிக்க வைத்துவிட்டுப் பதிலுக்குப் பதிலாக வேறு எதையோ காட்டி அனுப்பினால், அது வாக்குத் தவறிய படம். எந்த அளவுகோலை வைத்து அதை அளப்பது என்று நாம் தேட வேண்டியதில்லை. படமே அதை முதல் அரைமணி நேரத்தில் நம் கையில் கொடுத்திருக்கும்.

பதின்வயது சூப்பர் ஹீரோ கதை கேட்கும் கேள்வி எங்கிருந்து வந்தது? அமெரிக்கக் காமிக்ஸில் நெடுங்காலம் சிறுவர்களுக்குப் பெரும்பாலும் துணைவன் வேடம்தான். 1940இல் பேட்மேனின் பக்கத்தில் வந்து நின்ற ராபின் அப்படிப்பட்டவன். 1962இல் எழுத்தாளர் ஸ்டான் லீயும் ஓவியர் ஸ்டீவ் டிட்கோவும் 'அமேசிங் ஃபேன்டஸி' இதழின் 15ஆம் எண்ணில், ஸ்பைடர்-மேன் ஆகப்போகும் பீட்டர் பார்க்கர் என்ற பள்ளி மாணவனை நாயகனாகவே நிறுத்தினார்கள். மொத்தம் 11 பக்கம். சிலந்தி கடிக்கிறது, சக்தி வருகிறது. ஊரைக் காப்பாற்ற அவன் கிளம்பவில்லை. பணமும் புகழும் கிடைக்கும் என்று மேடையேறுகிறான். தன் முன்னால் ஓடும் திருடனைப் பிடிக்க முடிந்தும், எனக்கென்ன என்று விட்டுவிடுகிறான். அதே திருடன் பிறகு அவனை வளர்த்த பெரியப்பாவைச் சுட்டுக் கொல்கிறான்.

அந்த 11 பக்கத்தில்தான் இந்த வகைக் கதையின் விதை இருக்கிறது. பதின்வயதில் உடம்பு நம்மைக் கேட்காமல் மாறுகிறது. குரல் உடைகிறது, கோபத்துக்குத் திடீரென்று வலு வந்துவிடுகிறது. நேற்றுவரை கதவை அறைந்தால் சத்தம் மட்டும் கேட்கும். இன்று அறைந்தால் தாழ்ப்பாள் பெயர்ந்து வருகிறது. வீட்டில் சொல்ல முடியாதவை சேர்கின்றன. காமிக்ஸில் வரும் சக்தி இந்த மாற்றத்துக்குப் போட்ட வேடம். ஆகவே கேள்வி இதுதான்: தன் வலு எவ்வளவு என்று தனக்கே தெரியாத ஒரு பிள்ளை அதைப் பயன்படுத்திவிட்டால், யார் எதை இழக்கிறார்கள்?

இழப்பைத்தான் விலை என்கிறேன். சண்டையில் விழும் அடி விலை ஆகாது. அது அடுத்த காட்சியில் ஆறிவிடும். விலையைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வழி இருக்கிறது, புதிதாகப் பார்ப்பவர்களுக்கு அதையே சொல்வேன். சக்தி வெடித்த இரவை விட்டுவிட்டு மறுநாள் காலையைப் பாருங்கள். நேற்று முடிந்த எது இன்று அந்தப் பிள்ளைக்கு முடியாமல் போயிற்று? யார் முகத்தைப் பார்க்க முடியவில்லை? எந்த வீட்டுக்குத் திரும்ப முடியவில்லை?

2017இல் வந்த 'ஸ்பைடர்-மேன்: ஹோம்கமிங்' படத்தில் ஒரு கார் காட்சி வருகிறது. பீட்டர் தன் வகுப்புத் தோழி லிஸ்ஸைப் பள்ளி நடன விழாவுக்கு அழைத்துப்போக அவள் வீட்டு மணியை அடிக்கிறான். கதவைத் திறப்பவர் அவள் அப்பா. இத்தனை நாளும் பீட்டர் துரத்திக்கொண்டிருந்த குற்றவாளியே அவர்தான். அவருக்கு இவன் யாரென்று தெரியாது. மூவரும் காரில் கிளம்புகிறார்கள். முன்னால் அப்பா ஓட்டுகிறார், பின்னால் பையன் வேர்த்துப்போய் உட்கார்ந்திருக்கிறான். மகள் விளையாட்டாக ஏதேதோ சொல்லிக்கொண்டு வர, கண்ணாடி வழியாகப் பையனைப் பார்க்கும் அப்பாவின் மனதில் ஒவ்வொன்றாகப் பொருந்துகிறது. சிவப்பு விளக்கில் கார் நிற்கிறது. விளக்கு மாறி, பச்சை வெளிச்சம் அவர் முகத்தில் விழும்போது அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டிருக்கிறது. மைக்கேல் கீட்டன் அந்த இடத்தில் கண்களால் மட்டும் நடித்திருக்கிறார். ஒரு கட்டடமும் இடியவில்லை, ஒரு அடிகூட விழவில்லை. ஆனாலும் அந்தப் படத்திலேயே நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த காட்சி அதுதான்.

இதற்குப் பிறகு வரும் 'மறுநாள் காலை'தான் முக்கியம். பையன் விழா நடக்கும் இடத்துக்குள் போய் அந்தப் பெண்ணிடம் மன்னிப்பு மட்டும் கேட்டுவிட்டு ஓடுகிறான். இரவில் அவள் அப்பாவைப் பிடித்தும் கொடுத்துவிடுகிறான். ஊருக்கு நல்லதுதான். ஆனால் அந்தப் பெண் அம்மாவோடு ஓரிகான் மாநிலத்துக்குக் குடிபெயர்கிறாள். பள்ளி நடைவழியில் நின்று அவனிடம் விடைபெறுகிறாள். அவளது வீடு கலைந்ததில் தன் கை இருக்கிறது என்று அவனால் சொல்லக்கூட முடியாது. இதுதான் விலை. சின்னக் காட்சி, பெரிய இசைகூட இல்லை.

2012இல் வந்த 'கிரானிக்கிள்' இன்னும் கடுமையானது. சியாட்டிலைச் சேர்ந்த மூன்று மாணவர்களுக்குப் பொருள்களைத் தொடாமலே அசைக்கும் சக்தி கிடைக்கிறது. ஆண்ட்ரூ என்பவன் எதையும் வீடியோ எடுத்துக்கொண்டே இருப்பவன். வீட்டில் நோயாளி அம்மா, அடிக்கும் அப்பா. அவன் கேமராவில் பதிவான காட்சிகளாகவே படத்தின் பெரும்பகுதி நகர்கிறது. தொடக்கத்தில் கேமராவைக் கையில் பிடிக்கிறான். சக்தி வளர வளர, கேமரா அவன் கையை விட்டு அகன்று காற்றில் மிதந்தபடி அவனையே படமெடுக்கிறது. தன்னைப் பார்க்க ஆளில்லாதவன் தானே ஒரு கண்ணைத் தன் மேல் மிதக்கவிடுகிறான். செலவு அதிகமில்லாத யோசனை, ஆனால் பாத்திரத்தின் தனிமை முழுவதையும் தாங்குகிறது. ஒருமுறை எரிச்சலில் பின்னால் வந்த வண்டியைச் சாலையிலிருந்து தள்ளிவிடுகிறான். ஓட்டியவர் உயிர் பிழைத்ததே பெரிது. நண்பன் மூன்று விதிகள் போடுகிறான்: உயிருள்ளவற்றின் மேல் கூடாது, கோபத்தில் கூடாது, ஊரார் முன் கூடாது. அந்த மூன்றும் எப்படி உடைகின்றன என்பதே மீதிப் படம்.

இனி நம் படத்துக்கு வருவோம்.

டானி மூன்ஸ்டார் செயன் பழங்குடியைச் சேர்ந்த பெண். ஓரிரவு அவள் குடியிருப்பு முழுவதும் அழிகிறது, அப்பாவும் இறக்கிறார். கண்விழிக்கும்போது ஒரு பழைய மருத்துவமனையில் இருக்கிறாள். அங்கே அவளைப் போலவே சக்தி கொண்ட நான்கு பேர், பார்த்துக்கொள்ள ஒரே ஒரு மருத்துவர். வெளியே ஓடிப்பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத சுவர் மோதுகிறது. குணமானதும் அனுப்பிவிடுவோம் என்கிறார் மருத்துவர். உண்மையில் அவர் வேறு யாருக்காகவோ இவர்களை எடைபோட்டுக்கொண்டிருக்கிறார். டானி வந்த பிறகு ஒவ்வொருவரின் அச்சமும் உருவெடுத்து வந்து தாக்கத் தொடங்குகிறது. அதுவே அவள் சக்தி. அவளுக்கே அது தெரியாது.

எவ்வளவு நல்ல கரு! பறக்கும் மனிதர்களின் படத்தை ஒரே கட்டடத்துக்குள் அடைத்து, பேய்க்கதையாக மாற்றுகிறார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மூடிக்கிடந்த மெட்ஃபீல்ட் அரசு மனநல மருத்துவமனை வளாகத்திலேயே படம்பிடித்தார்கள். அந்தச் செங்கல் கட்டடங்களின் சலிப்பும் குளிரும் திரையில் தெரிகின்றன. இயக்குநர் ஜோஷ் பூன் அதற்குமுன் 2014இல் புற்றுநோயோடு வாழும் இளைஞர்களின் காதலைச் சொன்ன 'தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்' படத்தை எடுத்தவர். நோயும் இளமையும் ஒரே அறையில் இருந்தால் எப்படியிருக்கும் என்று அறிந்தவர். டானி சாகத் துணிந்து உயரத்தில் ஏறி நிற்கும்போது ரேன் என்ற பெண் வந்து அவளோடு பேசி இறக்கும் காட்சியில் அந்த அனுபவம் தெரிகிறது. உபதேசம் இல்லை, பதற்றம் இல்லை, பேச்சுத் துணை மட்டும். அந்த இரண்டு பெண்களுக்கும் இடையே மெல்ல வளரும் காதலையும் படம் அதே பொறுமையோடு சொல்கிறது. மெய்சி வில்லியம்ஸும் ப்ளூ ஹன்ட்டும் நடித்த அந்தக் காட்சிகளுக்காக இன்றும் இந்தப் படத்தைப் பார்க்கச் சொல்வேன்.

ரேன் ஓநாயாக மாறக்கூடியவள். பக்தியுள்ளவளும்கூட. அவளைச் சாத்தானின் பிள்ளை என்று நம்பிச் சூடு போட்டவர் அவள் ஊர்ப் பாதிரியார். டானியை நெருங்கத் தொடங்கிய நேரத்தில் குளியலறையில் அந்தப் பாதிரியார் உருவம் வந்து மறுபடியும் சூடு போடுகிறது. கனவல்ல, தோலில் தழும்பு இருக்கிறது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். காதலிக்கத் தொடங்கிய பெண்ணின் சக்திதான் தன் உடம்பைச் சுட்டது என்று ரேனுக்குத் தெரியவரும்போது என்ன ஆகும்? அவளால் டானியைத் தொட முடியுமா? தன்னருகில் வருகிறவர்களை எல்லாம் தானே காயப்படுத்துகிறோம் என்று தெரிந்தபின் டானி எப்படி ஒருவரை நேசிப்பாள்? முழுப் படத்தையும் இந்த ஒரு முடிச்சின் மேல் கட்டியிருக்கலாம்.

படம் அந்த முடிச்சைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. ஆசிரியர் வருகைப் பதிவேட்டை வாசிப்பதுபோல் ஒவ்வொருவரின் அச்சமாக வரிசையில் அழைக்கப்படுகிறது. சாம் சுரங்க விபத்தில் அப்பாவைப் பறிகொடுத்தவன், விபத்துக்குக் காரணமும் அவன் சக்திதான். துணி துவைக்கும் அறையில் அவனுக்குச் சுரங்கம் தெரிகிறது. ராபர்ட்டோவின் உடம்பில் பிறந்த தீயில் அவன் காதலி வெந்தாள். நீச்சல் குளத்தில் அவள் வருகிறாள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நெஞ்சைத் தொடக்கூடியது. ஆனால் ஓர் அச்சம் இன்னொரு அச்சத்தோடு பேசுவதே இல்லை. அப்பாவைத் தன்னால் இழந்த சாமும், அப்பாவை இழந்த டானியும் அந்த இழப்பைப் பற்றி நேருக்கு நேர் உட்கார்ந்து பேசும் நீண்ட காட்சி ஒன்று எழுதப்பட்டிருந்தால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. கையில் எல்லாப் பொருளும் இருக்கிறது, உலை மட்டும் ஏற்றப்படவில்லை.

பிறகு கரடி வருகிறது. டானியின் அச்சம் எல்லாவற்றுக்கும் தாயான பேய்க்கரடி. மருத்துவர் அதன் வாயில் இறக்கிறார். மற்றவர்கள் சண்டையிடுகிறார்கள், இல்யானாவின் துணிப்பொம்மை உண்மையான டிராகனாகிப் பறந்து வருகிறது, எனக்குக் கண் கலங்கியது அங்கேதான். இறுதியில் அப்பாவின் உருவம் டானிக்குத் தைரியம் சொல்ல, அவள் எழுந்துபோய்க் கரடியின் முகத்தில் கைவைத்துத் தடவிக்கொடுக்கிறாள். அது அடங்கிவிடுகிறது.

ஊரை அழித்ததும் அப்பாவைக் கொன்றதும் இந்தக் கரடி. கரடி பிறந்தது அவளிடமிருந்து. படம் கட்டிவைத்த கணக்குப்படி, தன் அப்பாவின் சாவில் தனக்குப் பங்கிருக்கிறது என்று அந்தப் பெண் அறிய வேண்டிய இடம் இதுதான். அறிந்தபின் அவள் என்ன செய்வாள் என்பதே நமக்குக் கொடுத்த வாக்கு. பீட்டர் பார்க்கருக்கு 1962இலேயே 11 பக்கத்தில் கிடைத்த அந்தக் கணம் இவளுக்குக் கிடைக்கவில்லை. ஐந்து பேரில் மிகக் கனமான சுமையைச் சுமப்பவள் மிக லேசாக இறக்கிவைத்துவிடுகிறாள்.

மூலக் காமிக்ஸைத் தெரிந்தவர்களுக்கு இந்த இடம் கூடுதலாக வலிக்கும். நியூ மியூட்டன்ட்ஸ் குழுவை 1982இல் உருவாக்கியவர்கள் எழுத்தாளர் கிறிஸ் கிளேர்மான்ட், ஓவியர் பாப் மெக்லியாட். பேய்க்கரடி கதை 1984இல் 18ஆம் இதழில் தொடங்குகிறது. அப்போது ஓவியராக வந்து சேர்ந்திருந்தவர் பில் சின்கெவிச். பக்கம் முழுவதையும் கருமையாக விழுங்கும் அவருடைய கரடி ஒரு விலங்கைப் போலவே இருக்காது. இருட்டுக்கு நகமும் பல்லும் முளைத்ததுபோல் இருக்கும். அந்தக் கதையில் டானி யாரிடமும் முழுதாகச் சொல்லாமல் தனியாகவே கரடியை எதிர்கொள்ளப் போகிறாள். பனியில் குற்றுயிராகக் கிடக்கிறாள். மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை நடந்துகொண்டிருக்க, வாசலில் நண்பர்கள் அவளுக்காகப் போராடுகிறார்கள். கரடி வீழ்ந்தபின், இறந்துபோனதாக அவள் நினைத்திருந்த பெற்றோர் அதற்குள்ளிருந்து மீள்கிறார்கள். மகிழ்ச்சியான முடிவு என்று நினைக்கும்போதே இன்னொன்று தெரிகிறது: டானியால் நடக்க முடியவில்லை. பெற்றோர் திரும்பிவிட்டார்கள், அவர்களை நோக்கி ஓட அவள் காலில் வலு இல்லை. அடுத்து வந்த சில இதழ்களிலும் அவள் சக்கர நாற்காலியில்தான் வருகிறாள். சிறுவர்களுக்கான மாத இதழ் என்று பலர் ஒதுக்கிய ஒன்று இந்த நேர்மையோடு எழுதப்பட்டது. அதில் இருந்த மறுநாள் காலையைத்தான் திரைப்படம் கழற்றிவைத்துவிட்டது.

படம் சறுக்கியதற்குத் தாமதத்தைக் காரணம் சொல்பவர்கள் உண்டு. 2018 ஏப்ரலில் வந்திருக்க வேண்டியது. தேதி திரும்பத் திரும்பத் தள்ளிப்போனது. இடையில் 2019 மார்ச்சில், படத்தைத் தயாரித்த ஃபாக்ஸை டிஸ்னி நிறுவனம் வாங்கியது. பேசப்பட்டுவந்த மறுபடப்பிடிப்பு நடக்கவேயில்லை. கொரோனா திரையரங்குகளை மூடியது. கடைசியில் 2020 ஆகஸ்ட் 28 அன்று அமெரிக்காவில் வெளியானது. அந்த அலைக்கழிப்பு வருமானத்தை நிச்சயம் பாதித்திருக்கும். மூலத்தைப் படைத்த மெக்லியாட்டின் பெயரையே எழுத்துப் பிழையோடு திரையில் போட்டார்கள் என்பதிலிருந்து, கடைசிக் கட்டத்தில் யாரும் அக்கறையோடு பார்க்கவில்லை என்றும் தெரிகிறது. அந்தப் பிழை எனக்கு ஆறவில்லை. ஆனாலும் நான் சொன்ன குறை தேதியால் வந்ததல்ல. 2018இலேயே வந்திருந்தாலும் டானி கரடியைத் தடவிக்கொடுத்திருப்பாள், அது அடங்கியிருக்கும். குறை திரைக்கதையில் இருக்கிறது. 94 நிமிடம் ஓடும் படத்தில் இன்னும் பத்து நிமிடத்துக்கு இடம் இல்லாமலா போயிற்று?

கடைசிக் காட்சியில் பொழுது விடிகிறது. மருத்துவர் இறந்துவிட்டதால் அவர் சக்தியில் நின்ற சுவரும் இல்லை. ஐந்து பேரும் வாசலைத் தாண்டி வெளியே நடக்கிறார்கள். டானியின் குரல் பின்னணியில் ஒலிக்கிறது. வெளிச்சம் நன்றாக இருக்கிறது, பிள்ளைகளின் முகத்தில் நிம்மதி தெரிகிறது. ரேன் அவள் பக்கத்தில் நடக்கிறாள். இத்தனை நேரம் நான் காத்திருந்த காலை இதுதான். டானிக்குத் திரும்பிப்போக ஊர் இல்லை. அவள் முதன்முதலாக அதை நினைத்துப்பார்க்கப்போகும் இடத்தில், எழுத்துகள் மேலேறத் தொடங்கிவிடுகின்றன.